கீழே இருந்தவள்

மதுரையில் எனக்கு ஸ்கேன் எடுத்த டாக்டர், என் வயிற்றுக்குள் இருந்த இரண்டு பேரையும் ஏ, பி என்று பிரித்து வைத்திருந்தார். கர்ப்பப்பை வாய்க்குப் பக்கத்தில், கீழே இருப்பது ஏ. அதற்கு மேலே, இடப்பக்கமாக ஒதுங்கியிருப்பது பி. அவருக்கு அந்த அடையாளம் போதுமானதாக இருந்தது. எனக்குப் போதவில்லை. நான் கீழே இருந்ததைப் பெரிசு என்றும் மேலே இருந்ததைச் சின்னது என்றும் கூப்பிட ஆரம்பித்தேன். என் பாவம் அந்தப் பெயர்களில்தான் தொடங்கியது என்று பிறகு பலமுறை நினைத்திருக்கிறேன்.

அது இரண்டாயிரத்து ஏழாம் வருஷம். கல்யாணமாகிச் சில வருஷம் கழித்து அப்போதுதான் உண்டாகியிருந்தேன். சின்னமனூரில் ஓர் ஆரம்பப் பள்ளியில் நான் டீச்சர். கணவருக்கு மார்க்கையன்கோட்டையில் நெல்லும் வாழையும். வீட்டில் நாங்கள் இருவரும் அவருடைய அம்மாவும்தான். அவரை நான் அத்தை என்று கூப்பிடுவேன்.

முதல் ஸ்கேனைத் தேனியில் எடுத்தோம். இரட்டை என்றதும் கணவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னபோது அத்தை கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“எங்க வம்சத்துல யாருக்கும் ரெட்டை கெடையாதே ஆத்தா. ஒங்க பக்கமும் இல்ல. ஏலே, தோட்டத்துலருந்து ரெட்டை வாழப்பழத்தக் கொண்டாந்து இவளுக்குக் குடுத்தியாலே?” என்று மகனைப் பிடித்துக்கொண்டார். கணவர் சீப்பு சீப்பாகக் கொண்டுவந்து கொடுத்தது உண்மைதான். ஒட்டிப் பிறந்த பழம் அதில் இருந்ததா என்று யார் பார்த்தது? அன்றைக்கு வீடே சிரித்துக்கொண்டிருந்தது.

நான்காம் மாதத்தில் தேனி டாக்டர், இரண்டும் ஒரே கருவிலிருந்து பிரிந்தவை, இரண்டுக்கும் நஞ்சுக்கொடி ஒன்றுதான், அதனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன் பார்த்தே ஆகவேண்டும் என்று சொல்லி மதுரைக்கு அனுப்பினார்.

கம்பத்திலிருந்து வரும் மதுரை பஸ்ஸில் சின்னமனூரில் கணவர் என்னை ஏற்றிவிடுவார். ஜன்னலோரம் உட்கார்ந்து பக்கத்து இடத்தில் கைப்பையை வைத்துக்கொள்வேன். ஆண்டிபட்டியில் என் அம்மா தூக்குவாளியோடு ஏறுவாள். அவளுக்கு அங்கே தறி வேலை. ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுத்தான் என்னோடு வருவாள். ஆண்டிபட்டிக் கணவாயில் பஸ் வளைந்து வளைந்து ஏறும்போது, யாரும் பார்க்காத மாதிரி முந்தானைக்குள் கையை விட்டு என் வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொள்வாள்.

ஸ்கேன் அறையில் எப்போதும் குளிராக இருக்கும். ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லமாட்டோம் என்று சுவரில் பெரிதாக எழுதியிருந்தது. படுத்திருப்பவருக்குத் தெரியும்படி எதிரே இன்னொரு திரை. டாக்டருக்கு என் அம்மாவின் வயசு இருக்கும். அதிகம் பேசமாட்டார். ஒவ்வொரு பிள்ளையைச் சுற்றியும் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று திரையில் சிறு சிறு பெருக்கல் குறிகள் வைத்து அளப்பார். பிறகு ஒவ்வொன்றின் அடிவயிற்றிலும் ஒரு கறுப்புப் பொட்டைத் தேடுவார்.

“இது மூத்திரப்பை. நிறைஞ்சு கறுப்பாத் தெரிஞ்சா, அந்தப் பிள்ளைக்கு ரத்தம் ஒழுங்காப் போகுதுன்னு அர்த்தம்” என்று ஒரு தடவை சொன்னார். அதற்குப் பிறகு நானும் அதையே தேடப் பழகினேன். முகம், கை, கால் எதுவும் வேண்டாம். அந்தப் பொட்டு தெரிந்தால் போதும்.

முதல் இரண்டு முறையும் குறை ஒன்றுமில்லை. அடுத்த முறை டாக்டர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே இருந்ததைச் சுற்றித் தண்ணீர் குறைந்துவிட்டது. அது கர்ப்பப்பைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடந்தது. பொட்டு தெரியவில்லை. கீழே இருந்தது அகலமான கறுப்புத் தண்ணீருக்குள் கையைக் காலை நீட்டி மிதந்துகொண்டிருந்தது.

ஜெல்லைத் துடைத்து எழுந்து உட்கார்ந்ததும் டாக்டர் விளக்கினார். “நஞ்சுக்குள்ள ரெண்டு பேரோட ரத்தக்குழாயும் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்திருக்கும்மா. எல்லாருக்கும் இப்படி ஆகாது. சிலருக்கு ரத்தம் ஒரு பக்கமாவே போக ஆரம்பிச்சிடும். உங்களுக்கு பி-கிட்டேர்ந்து ஏ-க்குப் போகுது. இது ரெண்டு பேருக்குமே ஆபத்து.”

பி-யிடமிருந்து ஏ-க்குப் போகிறது என்பது என் காதில் விழுந்தது. ரெண்டு பேருக்குமே என்றதும் விழுந்திருக்கத்தான் வேண்டும். எனக்கு அது நினைவில் தங்கவில்லை.

பஸ்ஸில் அம்மாவிடம் சொன்னேன். “அப்ப, அது இதோட சோத்தப் பிடுங்கித் திங்கிதாக்கும்?” என்றாள். ஆமாம் என்றேன். வீட்டில் கணவர், “டாக்டரம்மா என்ன சொன்னாக?” என்று கேட்டபோதும் அம்மாவின் வார்த்தையைத்தான் சொன்னேன். அவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அத்தை மட்டும் தெம்பாகப் பேசினார். “பெருசு பொழச்சுக்கும், அதப்பத்தி விடு. சின்னதுக்கு என்ன செய்யணும்னு கேட்டுக்கிட்டு வந்தியா?”

அன்றிலிருந்து வீட்டில் எல்லோரும் சின்னதைப் பற்றியே பேசினோம். சின்னதுக்காகத் திராட்சை, சின்னதுக்காகப் பால், சின்னதுக்காக வீரபாண்டி அம்மனுக்கு நேர்ச்சை.

பள்ளியில் மத்தியானச் சத்துணவு நேரத்தில், பக்கத்துத் தட்டிலிருந்து முட்டையைப் பிடுங்குகிற பிள்ளையைப் பார்த்தால் எனக்கு ஆகாது. அதட்டித் திருப்பிக் கொடுக்கவைத்துவிட்டுத்தான் நகர்வேன். அந்தக் கோபம் அப்படியே வயிற்றுக்குள் திரும்பிக்கொண்டது. கீழேயிருந்து உதை விழும்போதெல்லாம், “போதும்டா பேராசை, அதுக்கும் கொஞ்சம் விடு” என்று முணுமுணுப்பேன். மேலே, இடப்பக்கத்தில் மட்டும் கையை வைத்துத் தடவிக்கொடுப்பேன். கீழே கையைக் கொண்டுபோவதையே விட்டுவிட்டேன். ஒரு நாள் உதை பலமாக விழுந்தபோது அடிவயிற்றில் பட்டென்று ஒரு அடி வைத்தேன். கணவர் பார்த்துவிட்டார்.

“என்ன புள்ள பண்ற?”

“கொசு” என்றேன்.

இன்னொரு நாள் மத்தியானம் படுத்திருந்தபோது, கீழே இருப்பது இல்லாமல் போனால் மேலே இருப்பது பிழைத்துக்கொள்ளுமே என்று தோன்றியது. தானாக வந்து போன நினைப்பு என்று சொல்லித் தப்பிக்க முடியாது. வந்ததை நான் உடனே விரட்டவில்லை. கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்தேன்.

ஐந்தாம் மாதத்திலேயே வயிறு நிறைமாசம் மாதிரி இறுகிவிட்டது. படுத்தால் மூச்சு முட்டியது. சென்னையில் லேசர் வைத்து அந்த ரத்தக்குழாய்களை அடைக்கிறார்கள் என்றும், எனக்கு நஞ்சு முன்பக்கம் இருப்பதால் அது சிரமம் என்றும் டாக்டர் சொன்னார். அங்கே போனில் பேசிப் பார்த்தார். முதலில் தண்ணீரை எடுத்துப் பாருங்கள் என்றார்களாம். ஸ்கேனில் பார்த்துக்கொண்டே வயிற்றில் ஊசியைச் செலுத்தி, கீழே இருந்ததைச் சுற்றியிருந்த தண்ணீரை வடித்தார்கள். குழாய் வழியாக மஞ்சளாகப் போய்க்கொண்டிருந்தது. எனக்கு மூச்சு லேசாகியது. உனக்கு நன்றாக வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

அடுத்த ஸ்கேனில் மேலே இருந்தது கையை அசைத்தது. பொட்டு மங்கலாக, உளுந்து அளவுக்குத் தெரிந்தது. சந்தோஷத்தில் வாய் தவறி, “இந்தத் திருட்டுக் கழுதை இப்பத்தான் கொஞ்சம் விட்டுக் குடுத்திருக்கு டாக்டர்” என்று சிரித்துக்கொண்டே சொன்னேன்.

டாக்டரின் கை நின்றது. கருவியைக் கீழே நகர்த்தி ஏ-யின் நெஞ்சைத் திரை முழுக்கப் பெரிதாக்கினார்.

“இது எடுக்கலம்மா. இதுக்கு வந்து கொட்டுது. வேண்டாம்னு தடுக்க இதுக்கு வழியில்ல. இதயத்தைப் பாருங்க, சுவர் எவ்வளவு தடிச்சிருக்கு. அவ்வளவு ரத்தத்தையும் இது ஒண்ணே இறைச்சாகணும். இப்ப எனக்கு பி-யை விட இதைப் பத்தித்தான் கவலை.”

அந்த இதயம் மெதுவாக, இழுத்து இழுத்து அடித்துக்கொண்டிருந்தது. அதுவரை அதை நான் பார்த்ததே இல்லை. ஒவ்வொரு முறையும் அது திரையில் வந்து போயிருக்கும். நான் பொட்டுக்காகக் காத்துக்கொண்டிருந்திருப்பேன்.

திரும்பி வரும்போது கணவாயில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா வழக்கம்போல முந்தானைக்குள் கையை விட்டு மேலே, சின்னது இருக்கும் இடத்தில் வைத்து, “அழாத தாயி, அது தேறி வந்துரும்” என்றாள். அம்மா, நீ தப்பான இடத்தில் கை வைத்திருக்கிறாய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் நான் வைததையும் அடித்ததையும் சொல்ல வேண்டியிருக்கும்.

வீட்டுக்கு வந்து கையைக் கீழே வைத்தேன். அத்தனை நாள் வைதுவிட்டுத் திடீரென்று கண்ணே மணியே என்று கொஞ்ச வெட்கமாக இருந்தது. வகுப்பில் தப்பு செய்யாத பிள்ளையை அடித்துவிட்டால், மறுநாள் அதன் சிலேட்டில் பூப் போட்டுக் கொடுத்து முகத்தைப் பார்ப்பேன். இதன் முகத்தை எங்கே பார்ப்பது? கையை மட்டும் வைத்துக்கொண்டிருந்தேன். உதைகள் குறைந்துகொண்டே வந்தன. தண்ணீரை எடுத்ததால் அப்படி இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த வாரம் கணவரும் வந்தார். ஸ்கேன் அறைக்குள் அவர் வந்தது அதுதான் முதல் தடவை. தலைமாட்டில் நின்றார். டாக்டர் கருவியைக் கீழே வைத்து நெஞ்சைப் பெரிதாக்கினார். ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் பொத்தானை அழுத்தினார். சிவப்பும் நீலமும் மினுங்க வேண்டிய இடம் சாம்பலாகவே இருந்தது. கொஞ்சம் அழுத்திப் பார்த்தார். வேறு பக்கத்திலிருந்து பார்த்தார்.

“ஏ-க்குத் துடிப்பு இல்லம்மா” என்றார்.

கணவர் என் தோளைப் பிடித்தார். டாக்டர் உடனே கருவியை மேலே நகர்த்தினார். டக் டக் டக் என்று ஒரு இதயம் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே, வட்டமாக, நல்ல கறுப்பாக, அதுவரை நான் பார்த்தேயிராத அளவுக்குத் தெளிவாகப் பொட்டு.

எனக்குச் சந்தோஷம் வந்தது. அழுகைக்கு முன்னால் அதுதான் வந்தது. செத்துப்போன பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டு, உயிரோடு இருக்கும் பிள்ளையின் மூத்திரப்பையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். கணவர் குனிந்து என் முகத்தைப் பார்த்தார். அவர் அதைக் கண்டாரா என்று இன்றுவரை கேட்டதில்லை.

அதற்குப் பிறகும் ஸ்கேன் தொடர்ந்தது. ஒன்றின் இதயம் நிற்கும்போது மற்றதன் ரத்தம் அந்தப் பக்கம் இறங்கிவிடலாம், அதனால் மூளைக்குப் பாதிப்பு வரலாம் என்றார்கள். இப்போது வாராவாரம் தலையை அளந்தார்கள். பாதிப்பு ஒன்றும் தெரியவில்லை, ஆனாலும் பார்க்கலாம் என்பார் டாக்டர். கருவி கீழே வரும்போது சட்டென்று தாண்டிப் போய்விடும். எனக்காகத்தான் அப்படிச் செய்தார். ஒரு நாள் பொறுக்கமுடியாமல் கேட்டேன்.

“அதையும் காட்டுங்க டாக்டர்.”

“எதுக்கும்மா?”

“பாக்கணும்.”

காட்டினார். தண்ணீர் வடிந்துபோய், ஒரு மூலையில் முதுகைக் காட்டிச் சுருண்டிருந்தது. நான் பார்த்து முடிக்கும்வரை டாக்டர் கையை எடுக்கவில்லை.

ஊரில் வந்து விசாரித்தவர்கள் எல்லோரும் ஒன்றுபோலவே சொன்னார்கள். ஒண்ணாவது இருக்கே, அத நெனச்சு மனசத் தேத்திக்க. நானும் தலையை ஆட்டினேன். அவர்கள் சொல்வதைத்தான் நான் முன்கூட்டியே அந்த மத்தியானத்தில் நினைத்திருந்தேன். அதனால் அவர்கள்மேல் கோபப்படக்கூட எனக்கு யோக்கியதை இல்லை.

எட்டாம் மாதத்தில் மதுரையில் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். இரண்டும் பெண். கீழே இருந்தவள் முதலில் வந்தாள். மேலே இருந்தவள் பூனைக்குட்டி மாதிரிக் கத்திக்கொண்டு பின்னால் வந்தாள். அவளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கக் கொண்டுபோனார்கள். மற்றவளைப் பார்க்கிறீர்களா என்று நர்ஸ் தயங்கிக் கேட்டார். பார்க்கிறேன் என்றேன். வெள்ளைத் துணியை விலக்கிக் காட்டினார். பெரிசு என்று நான் பெயர் வைத்தவள் என் கைக்குள் அடங்கிவிடுகிற அளவுக்குத்தான் இருந்தாள். கண் மூடியிருந்தது. மேலுதடு கணவருடைய உதடு. தொடவேண்டும் என்று கையைத் தூக்கினேன். சலைன் ஊசி குத்தியிருந்த கை அது. அதற்குள் துணியை மூடிவிட்டார்கள்.

கணவரும் அத்தையும் அவளைக் காரில் ஊருக்குக் கொண்டுபோய் எங்கள் வயலின் மூலையில், வாய்க்கால் ஓரத்துப் புங்கை மரத்துக்கு அடியில் புதைத்தார்கள். நான் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன்.

பிழைத்தவள் கொஞ்சம் தாமதமாக உட்கார்ந்தாள், தாமதமாக நடந்தாள். ஒவ்வொன்றையும் பயந்து பயந்து பார்த்தோம். இரண்டு வயசுக்குப் பிறகு பேச்சு கடகடவென்று வந்துவிட்டது. சாப்பாடு ஊட்டும்போது அவள் “போதும்” என்றால் என் கை அப்படியே நின்றுவிடும். “இன்னும் ரெண்டு வாய் குடுடி, புள்ள எலும்பா இருக்கா” என்று அம்மா ஆண்டிபட்டியிலிருந்து வரும்போதெல்லாம் சண்டை போடுவாள். என்னால் அதற்கு மேல் ஒரு வாய் ஊட்ட முடியாது.

இரண்டாயிரத்துப் பத்தில் முதல் போகத்துக்குப் பெரியாற்றுத் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். எங்கள் வயலில் நடவு. பள்ளி விடுமுறை என்பதால் நடவுப் பெண்களுக்குக் காபி எடுத்துக்கொண்டு மகளையும் அத்தையையும் கூட்டிக்கொண்டு போனேன். கணவர் அந்த மூலையை மட்டும் உழாமல் விட்டிருந்தார். அதை அவர் என்னிடம் சொன்னதும் இல்லை, நான் கேட்டதும் இல்லை. அத்தை நேராக அங்கே போய் வரப்பில் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஏன் அன்றைக்குச் சொன்னேன் என்று தெரியவில்லை. வைதது, அடித்தது, கொசு என்று பொய் சொன்னது, அந்த மத்தியான நினைப்பு, எல்லாவற்றையும் சொன்னேன். பொட்டைப் பார்த்துச் சந்தோஷப்பட்டதை மட்டும் சொல்லவில்லை.

அத்தை வயலைப் பார்த்துக்கொண்டே கேட்டார். பிறகு, “வஞ்சதுக்குச் சாகுறதுன்னா இந்த ஊர்ல ஒரு புள்ள மிஞ்சுமா ஆத்தா? ஒம் புருசன நான் வையாத வசவா? அந்தா நிக்கிறான் பாரு, கல்லு மாதிரி” என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவரும் சிரிக்கவில்லை. வரப்புப் புல்லைக் கிள்ளிக்கொண்டே, “பெருசு பொழச்சுக்கும்னு நாந்தான மொதல்ல சொன்னேன்” என்றார். “அன்னையிலருந்து அது எப்படி இருக்குன்னு ஒருத்தராச்சும் கேட்டமா? நானும் கேக்கல. மண்ணள்ளிப் போடுறப்பத்தான் எனக்கு அது ஒறைச்சுச்சு.”

நான் அவர் கையைப் பிடித்தேன். அவர் விலக்கவும் இல்லை, இறுக்கவும் இல்லை. இத்தனை நாள் ஒரே வீட்டில் இரண்டு பேரும் தனித்தனியாக இதைச் சுமந்துகொண்டு, ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறோம். சொன்னதால் பாரம் இறங்கியது என்று எழுதினால் அது பொய். தப்பு என் ஒருத்தியுடையது மட்டும் இல்லை என்று தெரிந்ததில் எனக்கு நிம்மதி கிடைக்கவில்லை. இன்னொருவரும் தூங்காமல் இருந்திருக்கிறார் என்றுதான் வருத்தமாக இருந்தது.

மகள் வாய்க்கால் ஓரமாகச் சேற்றுக் காலோடு ஓடிவந்தாள். உழாமல் கிடந்த மூலையில் புல் அவள் முழங்கால் உயரத்துக்கு இருந்தது.

“அப்பத்தா, அங்கன ஏன் நெல்லு நடல?”

எனக்கு முன்னால் அத்தை சொல்லிவிட்டார்.

“அங்கன ஒங்க அக்கா இருக்கா.”

அக்கா. அந்த முறையை அதுவரை வீட்டில் யாரும் சொன்னதில்லை. முதலில் வந்ததால் அவள்தான் மூத்தவள் என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மகள் புல்லைப் பார்த்தாள். பிறகு வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்தாள்.

“இதுல எந்த அக்கா?” என்று கேட்டாள்.

அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு புங்கை மரத்துக்குக் கூட்டிப்போனேன். உனக்கு முன்னால் ஒருத்தி பிறந்தாள் என்று சொல்லத் தொடங்கினேன்.